நான் சொன்ன காற்று

நவம்பர் 15, சனி

அந்தமான் பக்கம் காற்றழுத்தத் தாழ்வு உருவாகிவிட்டது. நேற்றே சொன்னேன். வானிலை மையம் இன்று மதியம்தான் அறிவித்தது. மாலை வீடியோவில் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னேன். "ரொம்பப் பீத்திக்காதீங்க" என்றாள் வினோதினி. எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று போனைக் காட்டினேன். மனைவி என்று ஒருத்தி எதற்கு இருக்கிறாள்? பால் பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டாள்.

கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களைவிட மழை கேட்க வந்தவர்கள்தான் அதிகம். 'தாழங்கரை வானிலை' என்று யூடியூபில் நான் பேச ஆரம்பித்தபோது சிரித்த ஊர் இது. போன வருடம் எல்லோரும் பயந்துகொண்டிருந்தபோது, புயல் நமக்கு வராது, வடக்கே போகும் என்று நான் ஒருவன் மட்டும் சொன்னேன். அப்படியே போனது. அதிலிருந்து யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் பந்தல்காரனுக்கு முன்னால் என்னைத்தான் கேட்கிறார்கள்.

இப்போது இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. எங்கள் மாடிக் கொடியையே ஊர் பார்க்கிறது. வினோதினி துணி காயப்போட்டால் எதிர்வீட்டு மல்லிகா அக்காவும் போடுகிறார், பிறகு தெருவே போடுகிறது. அவள் எடுத்தால் எல்லோரும் ஓடிப்போய் எடுக்கிறார்கள். போன மாதம் ஒருநாள் சோப்பு தீர்ந்து அவள் துவைக்கவில்லை. அதைப் பார்த்துவிட்டு ரெத்தினவேல் கடலுக்கே போகாமல் இருந்துவிட்டான்.

மாமா தண்ணீர்ப் பானையருகில் கையும் களவுமாக மாட்டிக்கொண்டார். "வாய கொப்புளிச்சேன்மா" என்றார் மகள் வினோதினியிடம். கொப்புளித்ததைத் துப்பவே இல்லை.

நவம்பர் 16, ஞாயிறு

முடிவு செய்துவிட்டேன். இது ஆந்திரா போகிற புயல். கடலூருக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் கரையைக் கடக்கலாம் என்கிறது வானிலை மையம். அவர்களுக்கு ஊரெல்லாம் பொறுப்பு, அப்படித்தான் சொல்லவேண்டும். எனக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நான் பார்க்கிற நான்கு கணினிக் கணிப்புகளில் மூன்று வடக்கே வளைகின்றன. நான்காவது எப்போதும் கோணலாகத்தான் சொல்லும்.

படத்தில் கோட்டை அழுத்தி வரைந்து, நெல்லூர் பக்கம் முடித்தேன். "தாழங்கரை மக்களே, நிம்மதியாகத் தூங்குங்கள்" என்று முடித்துக்கொண்டேன். நன்றாக வந்தது.

மாலையில் ரெத்தினவேல் கடைக்கு வந்தான். பத்தாவது வரை என் பெஞ்சில் உட்கார்ந்தவன். பழைய ஃபைபர் படகு ஒன்றை வீட்டுப் பின்னால் கவிழ்த்துப் போட்டிருக்கிறான். புதியது கரையில் நிற்கிறது.

"புது போட்ட ரோட்டுக்கு மேல ஏத்திடவா குணா? நெறைய ஆள் புடிக்கணும். அதான் யோசிக்கிறேன்."

"வேணாம்டா. கரையிலயே கட்டிப் போடு."

"நெசமா?"

"வீடியோ பாத்தியா இல்லியா?"

"பாத்தேன். அதான் நேர்ல மூஞ்சியப் பாத்துக் கேக்குறேன்."

மூஞ்சியை நன்றாகவே வைத்துக்கொண்டேன்.

நவம்பர் 17, திங்கள்

மாமாவைக் கூட்டிக்கொண்டு நாகை ஆஸ்பத்திரி. அவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. திங்களும் வியாழனும் மிஷினில் படுத்து இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டால்தான் உயிர். இடையில் குடிக்கிற தண்ணீரெல்லாம் உடம்பிலேயே தங்கிவிடும். அதனால் நாளுக்கு இவ்வளவுதான் என்று வினோதினி ஒரு பாட்டிலில் அளந்து வைப்பாள். மனிதர் வாழ்நாள் முழுக்க பஸ் கண்டக்டராக இருந்தவர். உத்திராபதி என்றால் இந்த ரூட்டில் தெரியாதவர் கிடையாது. இன்றும் போகும் வழியில் கண்டக்டருக்கு டிக்கெட் கிழிப்பது எப்படி என்று வகுப்பு எடுத்தார்.

நான்கு மணி நேரம் வெளியே உட்கார்ந்து போனில் மேகப்படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புயலாகிவிட்டது. திரும்பும்போது உப்பனாற்றுத் தரைப்பாலத்தில் தண்ணீர் ஒரு சாண்தான் கீழே ஓடியது. எங்கள் ஊருக்கு ஒரு பக்கம் கடல், மற்ற மூன்று பக்கமும் இந்த ஆறும் உப்பளமும். வெளியே போக அந்தப் பாலத்தை விட்டால் வழி கிடையாது.

வினோதினி சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னாள். "ஏங்க, அப்பாவ நாகை சித்தி வீட்ல விட்டுடுவோமா? வியாழக்கிழம பாலம் மூழ்கிட்டா என்ன செய்யிறது?"

"மூழ்காது."

"மூழ்காட்டி நல்லது. ரெண்டு நாள் சித்தி வீட்ல இருந்தாருன்னு ஆவட்டும்."

"நாம பெட்டியக் கட்டுனா ஊரே கட்டும்டி. வானிலைக்காரன் வீட்லயே கெளம்புறாங்கன்னு."

"கட்டட்டுமே. அதுல ஒங்களுக்கு என்ன?"

ரசத்தில் உப்பு இல்லை என்றேன். இருந்தது.

நவம்பர் 18, செவ்வாய்

காலைக் கணிப்பில் கோடு கொஞ்சம் தெற்கே இறங்கியிருக்கிறது. ஒரே ஒரு கணிப்பை வைத்துக்கொண்டு குதிக்கக்கூடாது. இது அரிச்சுவடி.

கடையிலிருந்து பிரிண்டரை வீட்டுக்குக் கொண்டுவந்து பரணில் ஏற்றினேன். கொஞ்ச நாளாகவே சரியாக வேலை செய்யவில்லை. டிரம் இரண்டிலும் தண்ணீர் பிடித்து வைத்தேன். மெழுகுவத்தி, டார்ச்சுக்கு பாட்டரி வாங்கினேன். வீட்டில் இருக்கவேண்டிய சாமான்கள்தானே.

மாமா கட்டிலில் இருந்தபடி பரணையே பார்த்துக்கொண்டிருந்தார். "பிரிண்டருக்கு என்ன மாப்ள?"

"ரிப்பேர் மாமா."

"ரிப்பேருன்னா தரையில வச்சுல்ல பாப்பாங்க."

இவருக்கு வேலை இல்லை, அதான்.

மாலை. நான்கில் மூன்று இப்போது நாகையைக் காட்டுகின்றன. நாளைக் காலை வரை பார்க்கலாம். இன்று வீடியோ போடவில்லை. தொண்டை சரியில்லை என்று எழுதிப் போட்டேன். "உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணா, உங்களை நம்பித்தான் இருக்கிறோம்" என்று யாரோ எழுதியிருந்தார்கள். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

நவம்பர் 19, புதன்

எழுதவே பிடிக்கவில்லை. எழுதிவிடுகிறேன்.

விடியும்போதே நான்கும் நாகைக்குத் தெற்கே வந்துவிட்டன. எங்கள் தலைக்கு மேலே. பள்ளிகளுக்கு விடுமுறை, மீனவர்களுக்கு எச்சரிக்கை, எல்லாம் மையம் சொல்லிவிட்டது. இன்னும் ஒரு கணிப்பு வரட்டும், மதியம் வந்துவிடும், ஒரேயடியாகத் திருத்தம் போடலாம் என்று உட்கார்ந்திருந்தேன். மூக்குடைபடப் போகிறவனுக்கு அரை நாள் கிடைத்தால்கூட ஆறுதல்தான்.

காலையில் தூறியது. வினோதினி மாடிக்குப் போய்த் துணிகளை எடுக்க ஆரம்பித்தாள். எதிரே மல்லிகா அக்கா கொடியில் கை வைத்தபடி எங்கள் மாடியைப் பார்த்தார்.

"அப்படியே விட்டுட்டு வா" என்றேன்.

"நனையுதுங்க."

"தூறல்தான். நின்னுடும். விடு."

அவள் கையிலிருந்த எங்கள் பாப்பாவின் பாவாடையைத் திரும்பக் கொடியில் போட்டாள். கிளிப்பும் மாட்டினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. மழையில் துணி காயப்போட்ட ஒரே குடும்பம் இந்தக் கடற்கரையில் நாங்களாகத்தான் இருக்கும்.

மதியம் போலீஸ் ஆட்டோ மைக் கட்டிக்கொண்டு வந்தது. எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள், வெளியூர் போகிறவர்கள் பாலம் மூழ்குவதற்குள் போய்விடுங்கள் என்றார்கள். ஜன்னலுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மல்லிகா அக்கா போலீஸ்காரரிடம் எங்கள் மாடியைக் கையால் காட்டினார்.

"குணா தம்பி வீட்ல துணி காயுது பாருங்க சார். புயல் வந்தா வினோதினி எடுக்காதா?"

அதற்குப் பிறகுதான் மாடிக்கு ஓடினேன். கிளிப்பைக்கூடக் கழற்றவில்லை, துணிகளை இழுத்துச் சுருட்டினேன். பாவாடை கிழிந்தது. கீழே இறங்குவதற்குள் தெருவில் கதவுகள் திறக்கிற சத்தம். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. கேட்க நேரமில்லை.

திருத்தம் வீடியோ போட்டேன். குடிசையில் இருப்பவர்கள் உடனே வெளியேறுங்கள் என்றேன். "காலையில் தூங்கிட்டீங்களா அண்ணா" என்று முதல் ஆள். "நெல்லூர்காரனுக்குச் சொல்ல வேண்டியதை எங்களுக்கு ஏன் சொல்ற" என்று இன்னொருவர். படிப்பதை நிறுத்திக்கொண்டேன்.

மாமாவை வண்டியில் ஏற்றிப் பாலம் வரை போனோம். பாலம் இருக்கிற இடத்தில் ஆறுதான் ஓடியது. கைப்பிடிக் குழாயின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. வினோதினி வண்டியை விட்டு இறங்கி முழங்கால் வரை நடந்து பார்த்தாள். திரும்பி வந்து மாமாவின் தலையில் டவலை இழுத்துவிட்டாள்.

பள்ளிக்கூடத்தில் காங்கிரீட் அறைகளெல்லாம் நிரம்பிவிட்டன. கடைசியாக வந்தவர்களுக்கு ஓட்டுக்கூரை வகுப்பு. நாங்கள்தான் கடைசி.

நவம்பர் 20, வியாழன்

டயாலிசிஸ் நாள்.

காலையிலேயே அடிக்க ஆரம்பித்துவிட்டது. ஓடுகள் ஒவ்வொன்றாகப் போகின்றன. பாப்பா காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் இருக்கிறாள். எழுத முடியவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. எல்லோரும் வந்து சேர்ந்ததால்தான். இதை நான் எனக்காகச் சொல்லிக்கொள்கிறேன் என்பது எனக்கும் தெரியும்.

பாலத்தின் நடுப்பகுதி காணோம். மின்சாரம் இல்லை, டவர் இல்லை. எங்களோடு மாட்டிக்கொண்ட போலீஸ்காரரின் வயர்லெஸ் சாகும் முன் ஒருமுறை பேசியது. மீட்புப் படகுகள் வெள்ளத்தில் இருக்கிற ஊர்களுக்குப் போயிருக்கின்றன, இங்கேயும் வரும், எப்போது என்று இப்போது சொல்ல முடியாது. நோயாளி இருக்கிறார் என்று அவர் கத்திச் சொல்லும்போதே சத்தம் அறுந்துவிட்டது.

ஓட்டு வகுப்பின் பாதிக் கூரை இல்லை. மேலே தார்ப்பாய் கட்டியிருக்கிறோம். காற்று வந்தால் அது உப்பி உப்பித் தாழ்கிறது.

மாமாவின் கால் வீங்கிவிட்டது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது. பாப்பா அதை விளையாட்டாக்கி, தாத்தா காலில் வரிசையாகக் குழி போட்டுச் சிரித்தாள். வினோதினி அவள் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு அவளையே கட்டிக்கொண்டு அழுதாள்.

சுற்றிலும் தண்ணீர். கூரையில் சொட்டுகிறது, தரையில் ஓடுகிறது. மாமாவுக்கு ஒரு மூடி, அதுவும் மாத்திரைக்கு. "மழைக்கு வாயத் தொறந்து காட்டுறேன், அது கணக்குல வராதுல்ல?" என்றார். அவள் பாட்டிலைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டிருக்கிறாள்.

ரெத்தினவேலின் புதுப் படகு கரையில் இரண்டாகக் கிடக்கிறது. போய்ப் பார்த்தேன். அவன் அதன்மேல் உட்கார்ந்திருந்தான். அவன் தலையைத் தூக்குமுன் திரும்பி வந்துவிட்டேன்.

நவம்பர் 22, சனி

மாமாவால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு அடைக்கிறது. பெஞ்சை இழுத்துப் போட்டு, அதன்மேல் கையை மடித்து, அதில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறார். ஒரு வாக்கியம் பேச நடுவில் நிறுத்தவேண்டியிருக்கிறது. முகமும் உப்பிவிட்டது.

காலையில் அவருக்கு முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். தலையைத் திருப்பாமலே சொன்னார். "பிரிண்டர பரண்ல ஏத்துன அன்னிக்கே, என்னையும் எங்கியாச்சும், ஏத்தி வச்சிருக்கலாம் மாப்ள."

கிண்டல்தான். அவர் எல்லாவற்றையும் கிண்டலாகத்தான் சொல்வார். ஆனால் வினோதினி பாட்டிலோடு பின்னால் நின்றிருந்தாள்.

"பிரிண்டர் எந்தக் கெழம வந்திச்சு?" என்றாள்.

"செவ்வா" என்றேன்.

"செவ்வாக்கெழம பாலம் இருந்துச்சு."

"வினோ, அன்னிக்கு உறுதியாத் தெரியாது. நாலுல மூணுதான்..."

"பிரிண்டருக்கு மட்டும் உறுதியாத் தெரிஞ்சுதா?"

சொல்லிவிட்டுப் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். அவள் கத்தியிருந்தால் நானும் ஏதாவது கத்தியிருப்பேன். எனக்கு வெட்கமாக இருந்தது, வேறு ஒன்றும் இல்லை. இந்த வகுப்பில் ஒளிந்துகொள்ள ஒரு மூலைகூடக் கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்காகத் துணி காயப்போட்டவர்கள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ரெத்தினவேலிடம் நானே போனேன். பழைய படகின் என்ஜினைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனுடைய மச்சான்கள் இரண்டு பேரும் கூட இருந்தார்கள். மாமா நிலைமையைச் சொன்னேன். ஆற்று முகத்துவாரத்தைக் கடந்து அக்கரையில் இறக்கிவிட்டால் ஆஸ்பத்திரி பக்கம்தான்.

அவன் புதுப் படகைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"மொகத்துவாரத்துல தண்ணி கிறுக்குப் புடிச்ச மாதிரி ஓடுது. மரமெல்லாம் வருது. காத்து இல்லன்னா போயிடலாம். நடுவுல காத்து புடிச்சுதுன்னா அஞ்சு பேரும் கடல்லதான். நீ சொல்லு, காத்து வருமா?"

டவர் போவதற்கு முன் நான் கடைசியாகப் பார்த்த படத்தில், இந்தப் புயலுக்குப் பின்னால் இன்னொரு தாழ்வு இருந்தது. அது எங்கே வந்திருக்கிறது, வந்ததா, கலைந்ததா, எதுவும் தெரியாது. வானம் மூடிக் கிடந்தது. வராது என்று சொன்னால் படகைத் தள்ளிவிடுவான். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. மச்சான்கள் இரண்டு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தெரியல" என்றேன்.

"என்னது?"

"எனக்குத் தெரியல ரெத்தினம். போன் இல்லாம எனக்கு ஒண்ணும் தெரியாது."

அவன் துணியைத் தோளில் போட்டுக்கொண்டான். "அப்ப இன்னிக்கி வேணாம். நாளைக்குப் பாப்போம். எங்க மூணு வூட்லயும் புள்ளைங்க இருக்கு."

நியாயம்தான். வந்து வினோதினியிடம் சொன்னேன்.

மதியம் வெயில் வந்துவிட்டது. ஒரு இலை அசையவில்லை. கடல் குளம் போலக் கிடந்தது. ஊரே வெளியே வந்து பாய், தலையணை எல்லாவற்றையும் உலர்த்தியது. சாயந்தரம் வரை அப்படியே இருந்தது. தாராளமாகப் போய்த் திரும்பி, இன்னொரு முறையும் போயிருக்கலாம். இவ்வளவு நல்ல வெயிலை நான் வாழ்க்கையில் வெறுத்ததில்லை. மாமா பெஞ்சில் தலையைச் சாய்த்தபடி ஒவ்வொரு மூச்சாக இழுத்துக்கொண்டிருந்தார். வினோதினி வெயிலில் போய் நின்று என்னைப் பார்த்தாள்.

நவம்பர் 23, ஞாயிறு

காலையில் பள்ளிக்கூடத்து வாசலுக்கு ரெத்தினவேலும் மச்சான்களும் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாமாவை அதில் உட்காரவைத்துக் கரைக்குக் கொண்டுபோனார்கள். நான் ஒன்றும் புரியாமல் பின்னால் ஓடினேன். வானம் நேற்றுபோல் இல்லை, வடக்கே கருத்திருந்தது. ஆனால் காற்று இல்லை. அவர்கள் மாமாவைப் படகில் தூக்கி வைத்து, முதுகுக்கு மூட்டை வைத்தார்கள்.

"சாயங்காலம் வரைக்கும் காத்து இருக்காதுன்னு சொன்னியாம்ல" என்றான் ரெத்தினவேல். "விடியக்காலம்பறயே ஒன் பொஞ்சாதி வந்து சொல்லிச்சு. எதுல பாத்த? டவர் வந்துட்டுதா?"

வினோதினி பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையை ஆட்டினால் போதும். வாயைத் திறக்கக்கூட வேண்டாம்.

"நான் சொல்லல" என்றேன். "நேத்து தெரியலன்னேன். இன்னிக்கும் தெரியல."

மச்சான்களில் மூத்தவன் துடுப்பைக் கீழே போட்டான். வினோதினி என் பக்கம் திரும்பினாள். நான் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை.

"இப்பத்தான் ஒங்களுக்கு உண்மை வருதா?" என்றாள். "எங்கப்பன் படகுல ஏறுன பெறகுதானா?"

மாமா மூச்சிழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, படகில் ஏறி, மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தெரியாதுதான். ஆனா நானும் வர்றேன்" என்றேன்.

ரெத்தினவேல் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். நான் நீச்சல் தெரியாதவன் என்பது அவனுக்குத் தெரியும். வானத்தைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான்.

"கூட ஒருத்தருக்குத்தான் எடம்" என்றான் வினோதினியிடம். "நீ புள்ளையோட இரு ஆத்தா. இவன் வரட்டும்."

அவள் பாட்டிலை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். "ஒரு மூடிக்கு மேல குடுக்காதீங்க" என்றாள். அவ்வளவுதான்.

முகத்துவாரத்தைப் பற்றி எழுதப்போவதில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். ஒருமுறை திறந்தபோது வேரோடு ஒரு தென்னைமரம் கைக்கெட்டும் தூரத்தில் எங்களைத் தாண்டிப் போனது. மாமா என் தொடையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பயத்தில் பிடித்தாரா, எனக்குப் பயமாக இருக்குமே என்று பிடித்தாரா, தெரியவில்லை.

கடந்துவிட்டோம். ஆம்புலன்ஸ் கிடைத்தது. மதியத்துக்குள் மிஷினில் போட்டுவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் நுரையீரல் முழுக்கத் தண்ணீர் கோத்திருக்கும் என்றார் டாக்டரம்மா. உள்ளே எட்டிப் பார்த்தேன். இரண்டு நாளாகப் படுக்க முடியாத மனிதர் படுத்திருந்தார்.

இறங்குதுறையில் ரெத்தினவேல் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தான், செய்தியைத் தெரிந்துகொண்டு உடனே திரும்பிவிடுவதற்காக. இத்தனை நாள் அணைத்து வைத்திருந்த போனை நடந்துகொண்டே திறந்தேன். டவர் இருந்தது. செய்திகள் கொட்டின. அவற்றை விட்டுவிட்டு ராடார் படத்தைத் திறந்தேன். வடக்கே சிவப்பும் மஞ்சளுமாக ஒரு பட்டை, நேராகக் கீழே இறங்கிவந்துகொண்டிருந்தது. வானிலை மையமும் எச்சரிக்கை போட்டிருந்தது. அரை மணி நேரம், மிஞ்சினால் முக்கால். ஓடினேன்.

அவர்கள் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போவாத ரெத்தினம். காத்து வருது. இத பாரு."

அவன் போனைப் பார்க்கக்கூட இல்லை. "போன ஞாயித்துக்கெழமையும் இதே போன்லதான் நெல்லூரு காட்டுன."

"இது ராடார்டா. கணிப்பு இல்ல. இப்ப நடந்துக்கிட்டிருக்கு."

"தெரியலன்னு சொன்னப்ப நம்புனேன் குணா. தெரியும்னா நம்ப மாட்டேன். எங்க புள்ளைங்க அங்க தனியாக் கெடக்குது. தள்ளு."

மச்சான்கள் இரண்டு பேரும் தள்ள ஆரம்பித்தார்கள். என் பேச்சு இனி ஒரு காசுக்குப் பெறாது என்று அப்போதுதான் முழுசாக உறைத்தது. கையில் உண்மையை வைத்துக்கொண்டு நிற்கிறேன், வாங்க ஆள் இல்லை. மறுபடி தண்ணீரில் இறங்கிப் படகில் ஏறி உட்கார்ந்தேன்.

"எறங்கு. ஒன் மாமனாரு தனியா இருக்காரு."

"நீங்க போனா நானும் வருவேன். நடுவுல காத்து புடிக்கும். அஞ்சு பேருன்னு சொன்னல்ல, இப்ப நாலு பேரும் கடல்லதான். பரவால்ல, தள்ளு."

என்னென்னவோ திட்டினான். என் அப்பாவையும் சேர்த்துத் திட்டினான். சட்டையைப் பிடித்து இழுத்தான். நான் குறுக்குப் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கடைசியில் கயிற்றைத் தூணில் கட்டிவிட்டு, "ஒரு டீ குடிக்கிற நேரம். அதுக்குள்ள வரல, ஒன்னத் தூக்கித் தண்ணியில போட்டுட்டுப் போவேன்" என்றான்.

டீ குடித்தோம். காற்று வரவில்லை. இன்னொரு டீ சொன்னேன். வானம் கருத்திருந்தது, ஆனால் டீக்கடைக்காரர் கட்டியிருந்த பாக்குப் பொட்டலச் சரம்கூட ஆடவில்லை. இளைய மச்சான் என்னைப் பார்த்துச் சிரித்தான். ரெத்தினவேல் கிளாஸை வைத்துவிட்டு எழுந்தான்.

வேண்டிக்கொண்டேன். வா, வந்துவிடு என்று உதட்டை அசைத்தே வேண்டிக்கொண்டேன். எந்தச் சாமியிடம் என்றுகூட நினைக்கவில்லை. இந்த ஒருதரம் நான் சொன்ன காற்று வந்துவிட்டால் போதும் என்று இருந்தது.

வந்தது. முதலில் மண் பறந்தது. பிறகு எதிர்க்கடையின் தகரம் பிய்த்துக்கொண்டு ரோட்டில் உருண்டது. கட்டியிருந்த படகு தூக்கித் தூக்கித் தூணில் மோதியது. முகத்துவாரம் வெள்ளையாகப் பொங்கியது. மூத்த மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான். ரெத்தினவேல் என் தோளைப் பிடித்து உலுக்கினான். "சொன்னபடியே வந்துட்டுதுடா! வந்துட்டுதுடா!" என்று காதருகில் கத்தினான்.

சந்தோஷமாக இருந்தது. மறைக்கமாட்டேன், வாய்விட்டுச் சிரித்தேன். ஜெயித்துவிட்ட சிரிப்பு. அவன் கை என் தோளில் அப்படியே நின்றது. அவன் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் பார்த்தேன். மழை வெள்ளைச் சுவராக எங்களைத் தாண்டி, ஆற்றைத் தாண்டி, தெற்கே தாழங்கரை மேல் போய்க்கொண்டிருந்தது.

இப்போது ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அந்த மூன்று பேரும் எதிரே சுவரில் சாய்ந்திருக்கிறார்கள். காற்று இன்னும் நிற்கவில்லை. அங்கே ஓட்டு வகுப்பில் பாதிக் கூரை இல்லை. வினோதினியும் பாப்பாவும் அந்தத் தார்ப்பாய்க்குக் கீழேதான் இருக்கிறார்கள்.